நாவலைத் திறக்கும் முன் நான்கு மாலைகள்: சூனியக்காரி சொல்லும் நார்ஸ் புராணத்தைப் படிக்க ஒரு வழி

கையில் ஒரு நாவல் இருக்கிறது. ஓடின், தோர், லோகி எல்லாரும் வரும் நார்ஸ் புராணம்தான், அதாவது ஸ்காண்டிநேவியர்களின் பழைய தெய்வக் கதைகள். ஆனால் கதை காட்டுக்குள் தனியாக வாழும் ஒரு சூனியக்காரியின் பக்கமிருந்து வருகிறது. பெயர் அங்கர்போதா. லோகியோடு சேர்ந்து ஓர் ஓநாயையும் ஒரு பாம்பையும் பாதாளத்தின் அரசியையும் பெற்றவள். இந்த வகை மறுசொல்லல் நாவலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் செய்தது தலைகீழ். நாவலை முதலில் படித்தேன், மயங்கினேன், அதில் உள்ளதெல்லாம் புராணத்தில் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். நண்பர்கள் கூடிப் புத்தகம் பேசும் ஓர் இடத்தில், "அங்கர்போதாவை மூன்று முறை எரித்தார்கள் இல்லையா" என்று அடித்துச் சொன்னேன். ஒருவர் அமைதியாக, "எந்தப் பாட்டில்?" என்றார். தேடினேன், கிடைக்கவில்லை. எரிக்கப்பட்டவள் வேறொருத்தி. அன்று மூலத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அங்கர்போதாவைப் பெயர் சொல்லிப் பேசும் வரிகள் அத்தனையையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். அப்படியானால் நாவலின் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எங்கிருந்து வந்தன? அதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி சுவை. அதற்கு அஞ்சலட்டையை முதலில் படித்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன்: நூல்களும் பெயர்களும்

முக்கியமாக வேண்டியவை இரண்டு நூல்கள். இரண்டுக்கும் பெயர் 'எட்டா' என்பதால் குழப்பம் வாசலிலேயே காத்திருக்கும். பாட்டு எட்டா என்பது ஆசிரியர் பெயர் தெரியாத பழம்பாடல்களின் தொகுப்பு. உரைநடை எட்டா, ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்துர்லுசன் 1220 வாக்கில் எழுதியது. செலவு செய்ய விருப்பமில்லாதவர்களுக்கு இணையத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன: பாடல்களுக்கு ஹென்றி ஆடம்ஸ் பெல்லோஸ் (1923), உரைநடைக்கு ஆர்தர் ப்ரோடூர் (1916). இரண்டிலும் ஆங்கிலம் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். வாங்குவதாக இருந்தால் பாடல்களுக்கு கரோலின் லாரிங்டன், உரைநடைக்கு ஆந்தனி ஃபோக்ஸ். பாட்டின் செய்யுள் எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், எண்ணை நம்பித் தேடாதீர்கள்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். நார்ஸ் எழுத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு 'டி' வரும். அதன் ஒலி நமக்கு அந்நியமல்ல, 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் தகர ஒலிதான். ஆங்கிலப் புத்தகங்கள் அதை வெறும் 'டி' ஆக்கிவிட்டதால் அங்கர்போடா என்றே பலர் படிக்கிறார்கள். போதா என்பதே கிட்டத்தட்டச் சரி. அதே கணக்கில் ஓடின்கூட 'ஓதின்'தான், அது பழகிப்போய்விட்டதால் விட்டுவிடுகிறேன். அங்கர்போதா என்றால் துயரத்தை முன்னறிவிப்பவள் என்று பொருள். பெற்ற தாய் வைக்கிற பெயரா இது என்று நாவலில் யாராவது கேட்டால், கேள்வி நியாயமானது.

மார்வெல் படங்களில் பார்த்ததை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். அங்கே லோகி ஓடினின் வளர்ப்பு மகன், ஹெலா ஓடினின் மகள். மூலத்தில் லோகி ஓடினோடு இரத்தம் கலந்து உறவு கொண்டவன், ஹெல் லோகிக்கும் அங்கர்போதாவுக்கும் பிறந்தவள். படத்தின் வம்சாவளி மனதில் இருக்கும்வரை இந்தச் சூனியக்காரிக்குக் கதையில் இடமே இராது.

முதல் மாலை: எதிர்க்கட்சியின் வாக்குமூலம்

உரைநடை எட்டாவில் 'கில்வகின்னிங்' என்ற பகுதியைத் திறந்து 34ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். சில பதிப்புகளில் எண் மாறியிருந்தால் லோகியின் பிள்ளைகள் வரும் இடத்தைத் தேடுங்கள். அரக்கர் நாடான யோத்துன்ஹெய்மில் அங்கர்போதா என்றொரு அரக்கி இருந்தாள், லோகிக்கு அவளிடம் மூன்று பிள்ளைகள் என்று ஆரம்பிக்கும். ஃபென்ரிர் என்ற ஓநாய், யோர்முன்காந்தர் என்ற பாம்பு, ஹெல். இந்தப் பிள்ளைகளால் பெருங்கேடு வரும் என்று தேவர்களுக்குக் குறி தெரிகிறது. தாயின் சுபாவத்தால் தீமை வரும், தகப்பனின் சுபாவத்தால் அதைவிட மோசமாக வரும் என்று முடிவு கட்டுகிறார்கள். தேவர்களின் தலைவன் ஓடின் ஆளனுப்பிப் பிள்ளைகளைக் கொண்டுவரச் செய்கிறான். பாம்பைக் கடலில் எறிகிறான். ஹெல்லை நிஃப்ல்ஹெய்முக்குத் தள்ளி இறந்தவர்களின் பொறுப்பைக் கொடுக்கிறான். ஓநாயை வீட்டோடு வைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தீனி வைக்கும் துணிவு தீர் என்பவனுக்கு மட்டும்தான் இருக்கிறது.

படித்த பிறகு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். வீடு புகுந்து மூன்று பிள்ளைகளைத் தூக்கிப்போயிருக்கிறார்கள். தாய் என்ன செய்தாள்? வீட்டில் இருந்தாளா? அழுதாளா, மறித்தாளா? ஸ்நோரியிடம் ஒரு சொல் இல்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு அங்கர்போதா அவருடைய நூலிலிருந்து காணாமல் போகிறாள். அதே அத்தியாயத்தில் ஓநாயைக் கட்டிய கயிறுகளுக்கு மட்டும் பெயர்கள் உண்டு: லேதிங், த்ரோமி, கடைசியாக கிளைப்னிர். கிளைப்னிர் எதனால் ஆனது என்ற பட்டியலும் உண்டு: பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில். கயிற்றுக்கு இத்தனை விவரம், தாய்க்கு ஒன்றுமில்லை. நாவல் முளைக்கும் நிலம் இதுதான். பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள்.

இதைச் சொல்வது யார் என்பதையும் மறக்காதீர்கள். கில்வி என்ற அரசன் மாறுவேடத்தில் போய்க் கேட்க, மூன்று சிம்மாசனங்களில் இருக்கும் மூவர் பதில் சொல்வதாக நூல் அமைந்திருக்கிறது. கதை முழுக்க ஓடின் தரப்பிலிருந்தே வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறியது 1000ஆம் ஆண்டை ஒட்டி. ஸ்நோரி எழுதியது அதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அவரும் கிறித்தவர்தான். பழைய தெய்வங்களை அவர் காப்பாற்றிக் கொடுத்தார், ஆனால் அவர் கட்டிய வரிசையில்தான் நாம் பெறுகிறோம்.

நேரமிருந்தால் 49 முதல் 51 வரை ஓட்டமாகப் படித்துவிடுங்கள்: ஓடினின் மகன் பால்டரின் சாவு, லோகியைக் கட்டிப்போடுவது, தேவர்கள் அழியும் ரக்னரோக். கடைசியில் என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். இந்தப் புராணத்தில் முடிவு எல்லாருக்கும் தெரியும், ஓடினுக்கும் தெரியும்.

இரண்டாம் மாலை: வோலுஸ்பா

இது பாட்டு எட்டாவின் முதல் பாடல். பெல்லோஸ் பதிப்பில் 'வோலுஸ்போ' என்று இருக்கும். அறுபது சொச்சம் செய்யுள்கள், வாய்விட்டுப் படித்தால் அரை மணி நேரம். வாய்விட்டே படியுங்கள். ஒரு வோல்வா, அதாவது குறிசொல்பவள், எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு உலகம் உண்டானதிலிருந்து அழிந்து மறுபடி எழுவது வரை சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஓடின் உண்டு. இடையிடையே, "இன்னும் தெரிய வேண்டுமா, என்ன?" என்கிற மாதிரி ஒரு சீண்டல் திரும்பத் திரும்ப வரும். முதல் முறை படிக்கும்போது பாதி புரியாது. எனக்கும் புரியவில்லை. மூன்று இடங்களில் மட்டும் நின்றால் போதும்.

முதலாவது, குல்வேய்க். அவளை ஈட்டிகளால் குத்தி, ஓடினின் மண்டபத்தில் வைத்து எரிக்கிறார்கள். மூன்று முறை எரிக்கிறார்கள், மூன்று முறையும் பிறந்து வருகிறாள். அடுத்த செய்யுளில் ஹெய்த் என்றொரு பெயர் வருகிறது. வீடு வீடாகப் போகிறவள், குறி சொல்கிறவள், மந்திர வித்தை தெரிந்தவள். இருவரும் ஒருத்திதான் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இதைத் தொட்டு உலகின் முதல் போர் மூள்கிறது. நான் வாய்விட்டு மாட்டிக்கொண்டது இவளால்தான்.

இரண்டாவது, இரும்புக்காட்டுக் கிழவி. கிழக்கே யார்ன்வித் என்ற இரும்புக்காட்டில் ஒரு முதியவள் உட்கார்ந்து ஃபென்ரிரின் இனத்தைப் பெற்று வளர்த்தாள் என்று பாட்டு சொல்கிறது. பெயர் கிடையாது. ஃபென்ரிர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இவள்தான் அங்கர்போதா என்று படிப்பவர்கள் ஏராளம். படிக்கலாம். ஆனால் பாட்டில் 'அந்த முதியவள்' என்பதற்கு மேல் இல்லை.

மூன்றாவது, பாட்டின் கடைசி அரைவரி. அதற்குக் கட்டுரையின் முடிவில் வருகிறேன்.

மூன்றாம் மாலை: கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவள்

'பால்டரின் கனவுகள்' 14 செய்யுள்கள்தான். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுதான் என்பதால் ஒரு மாலை முழுவதையும் இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன்.

பால்டருக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன. ஓடின் எட்டுக்கால் குதிரையில் ஹெல்லின் வாசலுக்குப் போகிறான். வாசலுக்குக் கிழக்கே ஒரு வோல்வாவின் கல்லறை இருக்கிறது. மந்திரம் சொல்லி அவளை எழுப்புகிறான். அவள் பேசும் முதல் வார்த்தைகளைக் கேளுங்கள். யாரப்பா நீ, எனக்குத் தெரியாதவன், என்னை இந்த வேதனையான வழிக்கு இழுத்தாய்? பனி என் மேல் விழுந்தது, மழை அடித்தது, இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஓடின் தன் பெயரை மறைத்து வெக்தாம் என்று பொய் சொல்கிறான். அவன் கேட்கக் கேட்க அவள் சொல்கிறாள். ஒவ்வொரு பதிலின் முடிவிலும், மனமில்லாமல் சொன்னேன், இனி பேசமாட்டேன் என்கிறாள். அவன் விடுவதாக இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான்.

கடைசியில் ஒரு கேள்வி அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நீ வெக்தாம் அல்ல, ஓடின் என்கிறாள். உடனே அவன் திருப்பி அடிக்கிறான்: நீ வோல்வாவும் அல்ல, அறிவுள்ள பெண்ணும் அல்ல, மூன்று அரக்கரின் தாய்.

மூன்று அரக்கரின் தாய். முதல் மாலை படித்த மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்களா? இந்த ஒரு வசையைக் கொண்டுதான், ஹெல்லின் வாசலில் கிடப்பவள் அங்கர்போதா என்று ஊகிக்கிறார்கள். நிரூபணம் இல்லை. ஆனால் நாவலாசிரியரின் இடத்தில் நானிருந்தால் இந்த வரியை விடமாட்டேன். யார் பிள்ளைகளைப் பறித்தானோ அவனே தன் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அவளைச் சாவிலிருந்து எழுப்பிக் கேட்கிறான் என்றால், அதற்கு மேல் ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்?

அவள் பதில்: ஓடின், வீட்டுக்குப் போ, பெருமைப்பட்டுக்கொள். லோகி கட்டவிழ்ந்து, தேவர்களின் முடிவு வரும்வரை என்னைப் பார்க்க இனி ஒருவரும் வரமாட்டார்கள்.

நான்காம் மாலை: ஒரு பெயரும் ஒரு சாப்பாடும்

இந்த மாலைக்கு இரண்டு வேலைகள். முதலாவது ஐந்து நிமிடம். 'ஹிந்த்லுல்யோத்' என்ற பாடலில், லோகி அங்கர்போதாவிடம் ஓநாயைப் பெற்றான் என்றொரு வரி வருகிறது. பழம்பாடல்களில் அவள் பெயர் வரும் ஒரே இடம் இது. அதை அடுத்த செய்யுள் விநோதமானது. பாதி வெந்த ஒரு பெண்ணின் இதயம் கிடைத்து, லோகி அதைத் தின்று கருவுற்றான், அதிலிருந்துதான் உலகத்துப் பிசாசுப் பெண்கள் எல்லாம் வந்தார்கள் என்கிறது. யாருடைய இதயம் என்று இல்லை. பாதி வெந்த இதயம் என்றதும் குல்வேய்க்கின் நெருப்பு ஞாபகம் வரும். பக்கத்து வரியில் அங்கர்போதா இருக்கிறாள். குல்வேய்க், கல்லறை வோல்வா, இரும்புக்காட்டுக் கிழவி, அங்கர்போதா என்ற நால்வரையும் ஒரே பெண்ணாக்கும் தையல் எந்த இடத்தில் போடப்படும் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு செய்தி. பாட்டு எட்டாவின் தலைமைச் சுவடி 'கோடெக்ஸ் ரெகியஸ்'. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று 45 ஏடுகள் எஞ்சியிருக்கின்றன. அதில் ஹிந்த்லுல்யோத் இல்லை, பால்டரின் கனவுகளும் இல்லை. அவள் பெயரைச் சொல்லும் வரியைக் காத்தது, ஃப்ளாதேயார்போக் என்ற 14ஆம் நூற்றாண்டுச் சுவடி. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கில் இருந்த இரண்டும் 21 ஏப்ரல் 1971 அன்று ஒரே கப்பலில் ரெய்க்யாவிக் திரும்பின.

இரண்டாவது வேலை: ஒரு வோல்வா எப்படி இருந்திருப்பாள் என்று கண்ணால் பார்ப்பது. சூனியக்காரி என்றதும் கூம்புத் தொப்பியும் துடைப்பமும் மனதில் வருவது பிற்கால ஐரோப்பாவின் வேலை. வோல்வா என்ற சொல்லே கோல் என்ற சொல்லிலிருந்து வந்தது, கோல் ஏந்தியவள். நம் குறவஞ்சிக் குறத்தியின் கையில் மாத்திரைக்கோல் இருக்குமே, அதை நினைத்துக்கொண்டால் துடைப்பத்தைவிடக் கிட்டே வருவீர்கள். அவள் செய்யும் வித்தைக்குப் பெயர் 'செய்தர்'. நம் 'செய்வினை' காதில் விழுகிறது, தற்செயல்தான், உறவு கற்பிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

'சிவப்பு எரிக்கின் சாகா' என்ற ஐஸ்லாந்துப் பழைய உரைநடைக் கதையில் நான்காம் அத்தியாயத்தை எடுங்கள். கிரீன்லாந்தில் பஞ்சம். தோர்பியோர்க் என்ற வோல்வாவை ஒரு பண்ணைக்காரர் அழைக்கிறார். ஒன்பது சகோதரிகள் இருந்தார்கள், எல்லாரும் குறிசொல்பவர்கள், அவள் மட்டும்தான் மிச்சம். உயர்ந்த இருக்கையில் கோழி இறகு அடைத்த மெத்தை போடுகிறார்கள். விளிம்பு வரை கற்கள் பதித்த மேலங்கி, கழுத்தில் கண்ணாடி மணிகள், வெள்ளைப் பூனைத்தோல் உள்வைத்த கருப்பு ஆட்டுத்தோல் தலையணி, பித்தளைக் குமிழ் வைத்த கோல், பூனைத்தோல் கையுறை. சாப்பாட்டுக்கு ஆட்டுப் பாலில் கஞ்சி, அங்கே கிடைக்கும் எல்லா விலங்குகளின் இதயமும் சமைத்தது. கத்தியின் பிடி வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தம், முனை ஒடிந்தது. அந்த ஒடிந்த முனைக்காகவே இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மறுநாள் சடங்குக்கு ஒரு பழைய பாட்டுத் தெரிந்த பெண் வேண்டும். குத்ரித் என்ற இளம்பெண்ணுக்கு மட்டும் தெரியும். நான் கிறித்தவள், இதில் சேரமாட்டேன் என்கிறாள். வற்புறுத்திய பிறகு பாடுகிறாள். அவ்வளவு அழகாக யாரும் கேட்டதில்லையாம்.

இதைப் படித்தவுடன் ஒன்று விளங்கும். குறிசொல்பவளை ஊர் பயந்து ஒதுக்கவில்லை, அழைத்து உயர இருத்திச் சோறு போட்டது. இழிவு ஆணுக்குத்தான். செய்தரை ஓர் ஆண் செய்தால் அவமானம் என்கிறார் ஸ்நோரி, ஓடின் அதைச் செய்தான் என்றும் அவரே எழுதுகிறார். ஓடினின் குலத்தவரான ஏசிர் தேவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் ஃப்ரேயா என்ற தேவி. சூனியம் தெரிந்ததற்காகத்தான் தேவர்கள் நாயகியை வெறுக்கிறார்கள் என்று நாவல் சொன்னால், அந்த இடத்தில் சற்று நிற்கலாம்.

'அரக்கி' என்ற சொல்லுக்கும் ஒரு எச்சரிக்கை. யோத்துன் இனத்தவர் எல்லாரும் மலை உயரப் பூதங்கள் அல்லர். ஓடினின் தாய் பெஸ்ட்லா அந்த இனம். கடல் தெய்வம் நியோர்தை மணந்த ஸ்காதி அந்த இனம். மாமன் மச்சான் உறவுக்குள் நடக்கும் சண்டை என்று வைத்துக்கொண்டால் வாசிப்பு எளிதாகும்.

இனி நாவல்

பென்சிலோடு உட்காருங்கள். நான் மூன்று குறிகள் வைத்துக்கொள்கிறேன். மூலத்தில் உள்ளதற்கு 'மூ'. மூலம் சாடையாகச் சொன்னதை நாவலாசிரியர் முடித்து வைத்த இடங்களுக்கு 'ஊ', ஊகம். முழுக்க அவருடைய சரக்கென்றால் 'க'. முதல் ஐம்பது பக்கம் எல்லாவற்றுக்கும் குறி போடத் தோன்றும், பிறகு கை ஓய்ந்துவிடும், கதை இழுத்துக்கொள்ளும். அதுவும் நல்லதுதான். பிள்ளைகளைத் தூக்கிப்போகும் காட்சிக்கு மட்டும் மறுபடி பென்சிலை எடுங்கள். ஸ்நோரி ஒரு வாக்கியத்தில் தாண்டிய இடம் அது. இந்த வகை நாவலின் தரத்தை அந்த ஒரு காட்சியை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

காலவரிசையில் தடுமாற வாய்ப்புண்டு. பாடல்களுக்கு முன் பின் கிடையாது, எந்தச் சம்பவம் எதற்கு முன் என்று மூலம் பெரும்பாலும் சொல்வதில்லை. நாவல் ஏதோவொரு வரிசையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. லோகி குதிரையாகி ஓடினின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரைப் பெற்ற கதை ஓநாய்க்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பார்த்தால் ஆசிரியர் லோகியை எப்படிப் பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

சிகினைக் கவனியுங்கள். லோகியின் மணமான மனைவி அவள்தான். லோகி கட்டுண்டு கிடக்கும்போது மேலிருந்து சொட்டும் பாம்பு நஞ்சைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவள். கிண்ணம் நிறைந்து கொட்டப் போகும் நேரத்தில் நஞ்சு அவன் முகத்தில் விழும், அவன் துடிப்பதுதான் நிலநடுக்கம். அங்கர்போதாவும் சிகினும் சந்தித்ததாக மூலத்தில் எங்கும் இல்லை. நாவலில் சந்தித்தால், சக்களத்திச் சண்டையாக எழுதியிருக்கிறாரா, வேறு ஏதாவது செய்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பாம்பைத் தொங்கவிட்டவள் ஸ்காதி என்பதையும் சேர்த்து வைத்துக்கொண்டு படித்தால், ஸ்காதியை நாயகியின் தோழியாகக் காட்டும் நாவல் எவ்வளவு பெரிய சிக்கலைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்கிறது என்று புரியும்.

முடித்ததும் அலமாரியில் வைத்துவிடாமல், வோலுஸ்பாவின் கடைசிச் செய்யுளுக்கு ஒரு முறை திரும்புங்கள். அந்தப் பாட்டில் குறிசொல்பவள் தன்னைச் சில இடங்களில் 'நான்' என்கிறாள், சில இடங்களில் 'அவள்' என்கிறாள். பேசுவது ஒருத்தியா இருவரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிணங்களைச் சுமந்துகொண்டு நிதோக் என்ற நாகம் பறந்து வருகிறது. பிறகு அந்த அரைவரி: "இனி அவள் அமிழ்ந்துவிடுவாள்." நீங்கள் படித்த நாவல் அந்த 'அவள்' யார் என்று ஒரு பதில் வைத்திருக்கும். பக்கத்து ஓரத்தில் 'ஊ' என்று போடுவீர்களா, 'க' என்று போடுவீர்களா என்பதை நண்பர்களோடு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். யாராவது "எந்தப் பாட்டில்?" என்று கேட்டால், இந்த முறை பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.